பள்ளத்தில் இறங்கிய கார் சக்கரம்: எதைச் சரிசெய்யலாம், எதை மாற்றியே ஆக வேண்டும்?

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் தமிழ்நாட்டு டயர் கடைகளில் கூட்டம் கூடிவிடும். தண்ணீர் தேங்கிய பள்ளத்தின் ஆழம், வண்டி அதில் இறங்கிய பிறகுதான் தெரிகிறது. முதன்முதலாகக் கார் வாங்கியவர்கள் ஓரமாக நிறுத்தி, சக்கரத்தின் வெளிமுகத்தைப் பார்த்து, கீறல்கூட இல்லையே என்று நிம்மதியோடு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அச்சம் தருவது இந்த நிம்மதிதான். பள்ளத்தின் அடி பெரும்பாலும் ரிம்மின் உள்விளிம்பில் விழுகிறது. வெளிமுகத்துக்கு ஆரங்களின் தாங்கல் பக்கத்திலேயே இருக்கிறது. உள்விளிம்புக்கு அது இல்லை. காரின் அடிப்பக்கத்தைப் பார்த்தபடி இருக்கும் அந்த விளிம்பு, நின்றபடி பார்ப்பவர் கண்ணுக்குப் படவே படாது.

அந்த உள்விளிம்பைப் பார்க்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடி விழுந்தவுடன்

சத்தம் கேட்டதும் பதறி நடுச்சாலையில் பிரேக் போடாதீர்கள். ஸ்டியரிங்கை இரு கைகளாலும் இறுகப் பிடியுங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். அபாய விளக்குகளைப் போட்டுக்கொண்டு இடப்பக்கம் ஒதுங்குங்கள். மேம்பாலத்திலோ வளைவிலோ அடிபட்டால், டயரில் காற்றே இல்லாவிட்டாலும் மெல்ல உருட்டிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போய் நிற்பது நல்லது. டயரும் ரிம்மும் கடையில் கிடைக்கும். இரவு நேரமென்றால் எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் 50 மீட்டராவது தள்ளி வையுங்கள்.

இறங்கியதும் கைபேசியில் படம் எடுங்கள். சக்கரம், வண்டி எண், முடிந்தால் பள்ளம் ஆகிய மூன்றும் பதிவாகட்டும். காப்பீட்டுக்கும் புகாருக்கும் பிறகு உதவும்.

அடுத்து டயரின் பக்கச் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். வெட்டு இருக்கிறதா, எங்காவது கொப்புளம்போலப் புடைத்திருக்கிறதா? முன் சக்கரத்தோடு நின்றுவிடாமல் அதே பக்கத்துப் பின் சக்கரத்தையும் பாருங்கள். அதுவும் அதே பள்ளத்தில்தான் இறங்கி ஏறியிருக்கிறது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கடைசியாகக் குனிந்து வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிறதா என்று பாருங்கள். ஆழமான பள்ளம் என்றால் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சேம்பரும் தட்டியிருக்கலாம். எண்ணெய் ஒழுகினால் எஞ்சினை மறுபடி இயக்காமல் இழுவை வண்டியை அழையுங்கள்.

ஸ்டெப்னி மாற்றும்போது

காற்று இறங்கியிருந்தால், அல்லது டயர் புடைத்திருந்தால், அங்கேயே ஸ்டெப்னி மாட்டிக்கொள்வதுதான் சரி. சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் இழுத்து, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிட்டு, அதன்பிறகு ஜாக்கியைப் போட வேண்டும். ஜாக்கி வைக்கும் இடம் வண்டியின் கையேட்டில் படத்துடன் இருக்கும். மழையில் மண் இளகியிருந்தால் ஜாக்கிக்கு அடியில் ஒரு தடித்த பலகை அவசியம்.

நட்டுகளை வரிசையாகச் சுற்றிவராமல் எதிரெதிராக முடுக்குங்கள். அப்போதுதான் ரிம், சக்கரம் மாட்டும் நடுப்பாகமான ஹப்பில் நேராக உட்காரும்.

அலாய் (அலுமினியக் கலவை) சக்கரம் உள்ள பல கார்களில் ஸ்டெப்னி சற்றுச் சிறிய இரும்புச் சக்கரமாக இருக்கும். அதன்மேல் 80 கி.மீ. வேக வரம்பு ஒட்டியிருந்தால் மதித்து நடங்கள். சில புதிய கார்களில் ஸ்டெப்னியே கிடையாது. டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பும், பஞ்சர் ஒட்டும் பொருள்களும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020இல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. ஆணி குத்தியதற்கு அந்தப் பசை உதவும். பக்கச் சுவர் கிழிந்ததற்கோ ரிம் நெளிந்ததற்கோ உதவாது. அப்படிப்பட்ட காரை வைத்திருப்பவர்கள் சாலையோர உதவி எண்ணைக் கைபேசியில் பதிந்துவைப்பது நல்லது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

டயர் முழுசாக இருக்கிறது, வண்டியும் ஓடுகிறது என்றாலும் வேலை முடியவில்லை. அன்றிரவு காற்றழுத்தத்தை அளந்து எழுதிவைத்து, மறுநாள் காலை வண்டியை எடுக்கும் முன் மறுபடி அளந்து பாருங்கள். நான்கு சக்கரங்களில் ஒன்று மட்டும் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு குவளை தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போதும். சக்கரத்தைக் கழற்றிப் படுக்கவைத்து, உட்பக்கம் மேலே பார்க்கும்படி திருப்புங்கள். டயரும் ரிம்மும் சந்திக்கும் கோட்டிலும் ரிம்மின் உட்பக்கத்திலும் நுரைத் தண்ணீரைப் பஞ்சால் தடவிவிட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். பெரிய கசிவு என்றால் உடனே குமிழி எழும். சிறியது என்றால் ஓரிடத்தில் மட்டும் கடுகளவு நுரை மெதுவாகச் சேர்ந்து, வெண்மையாகத் திரண்டு நிற்கும். அது விளிம்பை ஒட்டி வந்தால் ரிம் நெளிந்திருக்கிறது. விளிம்பைவிட்டு உள்ளே, உலோகத்தின் நடுவிலிருந்தே நுரை வந்தால் அது விரிசல். இந்த வேறுபாட்டை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ரிம்மைச் சரிசெய்யலாமா, மாற்ற வேண்டுமா என்பதை இதுவே சொல்லிவிடும். வால்வின் அடியிலும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

வண்டி ஓட்டும்போதும் சில அறிகுறிகள் கிடைக்கும். 80 முதல் 100 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் முன் சக்கரம். இருக்கை நடுங்கினால் பின் சக்கரம் என்று சந்தேகிக்கலாம். நேர்ச்சாலையில் ஸ்டியரிங் கோணலாக நின்றாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ அடி சக்கரத்தைத் தாண்டி உள்ளே போயிருக்கக்கூடும். வேகத்தோடு சேர்ந்து கூடும் ‘உம்’ என்ற இரைச்சல் வீல் பேரிங்கிலிருந்து வரக்கூடும்.

டயர்: புடைத்தால் மாற்ற வேண்டியதுதான்

டயரின் பக்கச் சுவருக்குள் பாலியஸ்டர் அல்லது ரேயான் இழைகள் ஓடுகின்றன. காற்றின் அழுத்தத்தைத் தாங்குபவை இந்த இழைகள்தான். பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே சுவர் நசுங்கும்போது இழைகள் அறுந்துபோகின்றன; வெளி ரப்பர் கிழியாமலே இருக்கலாம். அறுந்த இடத்தில் காற்றைத் தடுக்க வெறும் ரப்பர் மட்டும் மிச்சமிருப்பதால் அது புடைக்கிறது. இதற்கு ஒட்டு கிடையாது. ‘உள்ளே பேட்ச் வைத்துத் தருகிறேன், ஆறு மாதம் ஓடும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த டயர் எந்த வேகத்தில், எந்தச் சாலையில் வெடிக்கும் என்று அவருக்கும் தெரியாது. உங்கள் பிள்ளைகள் பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கிற வண்டி அது.

புடைப்புக்கும் இயல்பான குழிவுக்கும் வேறுபாடு உண்டு. ரேடியல் டயரின் பக்கச் சுவரில் மேலிருந்து கீழாக மெல்லிய பள்ளக்கோடு சில நேரம் தெரியும். உள்ளே இழைத் துணிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் இடம் அது, கெடுதலில்லை. வெளியே தள்ளிக்கொண்டிருந்தால்தான் ஆபத்து.

ஒரு டயரை மட்டும் மாற்றலாமா? மற்றவை புதிதாகவே இருந்தால் அதே நிறுவனம், அதே வகை, அதே அளவில் ஒன்று போதும். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அதே அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். புதிய இரண்டையும் பின்னால் மாட்டச் சொல்லுங்கள். முன்சக்கர இயக்கம் கொண்ட வண்டிக்கும் இதுவே பொருந்தும். ஈரச் சாலையில் முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். பல கடைகளில் புதியவற்றை முன்னால்தான் மாட்டுவார்கள். நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

டயரில் 185/65 ஆர் 15 88 எச் என்பதுபோல எழுதியிருக்கும். 185 மில்லிமீட்டர் அகலம். அதில் 65 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 120 மி.மீ., பக்கச் சுவரின் உயரம். 15 அங்குல ரிம். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. பாரத்தையும் வேகத்தையும் குறிக்கும் அந்தக் கடைசி இரண்டும் பழைய டயரைவிடக் குறையக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தயாரிப்புத் தேதியும் பாருங்கள்: ஓவல் கட்டத்துக்குள் 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

அழகுக்காகப் பெரிய ரிம், மெல்லிய டயர் மாற்ற நினைப்பவர்கள் அந்த 120 மில்லிமீட்டரைக் கவனிக்க வேண்டும். பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் மெத்தை அவ்வளவுதான். அதைக் குறைத்துக்கொண்டு நம் ஊர் மழைக்காலச் சாலையில் ஓட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ரிம்: எதை நிமிர்த்தலாம்?

முதலில் டயரை ரிம்மிலிருந்து கழற்றச் சொல்லுங்கள். டயர் மாட்டியிருக்கும்போதே சுத்தியலால் தட்டி நேராக்கிவிட்டேன் என்பவரிடம் அலாய் சக்கரத்தைக் கொடுக்காதீர்கள். கழற்றிய ரிம்மை, சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் பேலன்ஸிங் எந்திரத்தில் சுற்றவிட்டு, விளிம்புக்கு அருகில் ஒரு பேனா முனையை அசையாமல் பிடித்தால் இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும். நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

இரும்பு ரிம் நெளிந்தால் பெரும்பாலும் நிமிர்த்திவிடலாம். இரும்பு வளைந்து கொடுக்கும் உலோகம். மோசமாக நெளிந்திருந்தால் புதியதே அதிக விலை இல்லை, மாற்றிவிடுங்கள்.

அலாய் வேறு கதை. பெரும்பாலான அலாய் சக்கரங்கள் சிலிக்கானும் மக்னீசியமும் கலந்த வார்ப்பு அலுமினியத்தால் ஆனவை. வார்த்த பிறகு சுமார் 540 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி 150 முதல் 180 டிகிரி வாக்கில் சில மணி நேரம் வைத்திருந்து வலுவேற்றுகிறார்கள். நெளிவு எடுக்கும் இடத்தில் கேஸ் தீயை அளவில்லாமல் காட்டினால் அந்த வலு போய்விடும். இரும்பு சூடானால் சிவக்கும், பார்த்து நிறுத்தலாம். அலுமினியமோ சிவக்காமலே உருகும் நிலைக்குப் போய்விடும். நிறத்தைப் பார்த்துச் சூட்டை மதிப்பிடவே முடியாது. ஆகவே கடையில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: ‘ஹைட்ராலிக் எந்திரத்தில் அழுத்தி எடுக்கிறீர்களா? சூடு காட்டினால் எப்படி அளக்கிறீர்கள்?’ வெப்பநிலை அளக்கும் கருவியோ, வெப்பத்தைக் காட்டும் சாக்குக்கட்டியோ வைத்திருக்கிற கடை தொழில் தெரிந்த கடை.

உள்விளிம்பில் ஆழமில்லாத நெளிவு, விரிசல் இல்லை என்றால் நிமிர்த்திப் பயன்படுத்தலாம். அதற்கான கூலி புது அலாய் விலையில் சிறு பங்குதான். நெளிவு ஆரங்களை ஒட்டியோ, நட்டுகள் உட்காரும் நடுப்பகுதியிலோ இருந்தால் மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே ஒருமுறை நிமிர்த்திய அதே இடம் மறுபடி நெளிந்திருந்தாலும் மாற்றுவதே சரி.

விரிசல் விட்டிருந்தால்? ஆர்கான் வெல்டிங் வைத்துத் தருகிற கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. வெல்டிங் வைத்த கோட்டை ஒட்டிய உலோகம் வலுவிழந்துவிடும். அடுத்த பள்ளத்தில் பிளவு அங்கிருந்துதான் தொடங்கும். மேலே பெயின்ட் அடித்துவிட்டால் விரிசல் வளர்வதுகூடத் தெரியாது. வெளிமுகத்தில் கல் உரசிய கீறலைத் தேய்த்துப் பூச்சுக் கொடுப்பது மட்டும் முழுக்க அழகு சார்ந்த வேலை, அவசரமில்லை.

புது ரிம் வாங்கும்போது

நான்கு அளவுகள் பொருந்த வேண்டும். ரிம்மின் விட்டமும் அகலமும் (15 × 6 ஜே என்பதுபோல), நட்டுத் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும், ஈ.டி. என்று தொடங்கும் ஆஃப்செட் எண் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் பரப்பு எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது), நடுத்துளையின் அளவு. இவற்றில் பலவும் ரிம்மின் பின்பக்கத்தில் வார்க்கப்பட்டிருக்கும். படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ20 ஆகியவற்றுக்கு 4 × 100, அதாவது நான்கு துளைகள், 100 மி.மீ. வட்டம். ஹூண்டாய் கிரெட்டாவுக்கு 5 × 114.3. துளைகள் பொருந்திவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். ஆஃப்செட் மாறினால் டயர் உள்ளே ஷாக் அப்சார்பரிலோ வெளியே மட்கார்டிலோ உரசும். நடுத்துளை பெரிதாக இருந்தால் அதற்கான வளையம் போட்டே மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் நடுக்கம் நிற்காது.

இரும்பிலிருந்து அலாய்க்கு மாறுகிறவர்கள் நட்டுகளையும் கேட்டு வாங்குங்கள். நட்டு உட்காரும் இடம் சில ரிம்களில் கூம்பாகவும் சிலவற்றில் உருண்டையாகவும் இருக்கும். மாற்றிப் போட்டால் ஓட ஓடத் தளரும்.

ஒரே ஒரு கம்பெனி அலாய் வேண்டும், புதியது கட்டுப்படியாகவில்லை என்பவர்களுக்குச் சென்னையில் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டை இருக்கிறது. பழைய ரிம் வாங்குவதில் தவறில்லை. ஆனால் பின்பக்கத்தில் மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால் விலகிவிடுங்கள். வெல்டிங்கை மறைக்க அடித்ததாக இருக்கலாம். பணம் கொடுக்கும் முன் அருகிலிருக்கும் டயர் கடையில் வெறும் ரிம்மைச் சுற்றவிட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

வேலையின் வரிசை

ரிம்மும் டயரும் தயாரான பிறகு பேலன்ஸிங். எந்திரம் மிக அதிக எடை ஒட்டச் சொன்னால் டயரை ரிம்மில் அரைச் சுற்றுத் திருப்பி மாட்டி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் குறையாவிட்டால் ரிம் இன்னும் நேராகவில்லை.

அதன்பின் வண்டியைத் தூக்கி, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் சஸ்பென்ஷன், ஸ்டியரிங் பாகங்களான லோயர் ஆர்ம், பால் ஜாயிண்ட், டை ராட் எண்ட், லிங்க் ராட் ஆகியவற்றை அசைத்துப் பார்க்க வேண்டும். ஷாக் அப்சார்பரின் தண்டில் எண்ணெய் ஈரம் தெரிந்தால் அது போய்விட்டது. வளைந்த பாகத்தை மாற்றிய பிறகே சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட். இந்த வரிசை மாறினால் அலைன்மென்டுக்கு இரண்டு முறை பணம் கட்ட வேண்டிவரும்.

அலைன்மென்ட் முடிந்ததும், வேலைக்கு முன்னும் பின்னும் இருந்த அளவுகளின் அச்சுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். ‘டோ’ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் விலகியிருந்தால் திருத்திவிடலாம். ஒரு பக்கத்து ‘கேம்பர்’ (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) மட்டும் விலகியிருந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது என்று பொருள். பல கார்களில் அதைத் திருத்தத் தனித் திருகே கிடையாது. ‘கேம்பர் கரெக்‌ஷன்’ என்று சொல்லி, ஹைட்ராலிக் கருவியால் பாகத்தை எதிர்ப்பக்கம் வளைத்து எண்ணைச் சரியாக்கித் தருவார்கள். வளைந்ததை மறுபடி வளைத்தால் தாளில் எண் சரியாகும். பாகம் பலவீனமாகவே இருக்கும். அதை ஒத்துக்கொள்ளாமல் மாற்றச் சொல்லுங்கள்.

50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி முடுக்கிப் பாருங்கள். எவ்வளவு முடுக்க வேண்டும் என்ற அளவு கையேட்டில் நியூட்டன் மீட்டரில் இருக்கும். காற்றழுத்தம் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவில் இருக்கட்டும். குறைந்த காற்றோடு பள்ளத்தில் இறங்கும் டயர்தான் எளிதில் நசுங்கும். தவிர்க்க முடியாத பள்ளம் எதிரில் வந்தால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, விளிம்பைத் தொடும் முன் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்தபடி இறங்கினால் வண்டியின் முன்பக்கம் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். அடியைத் தாங்க ஸ்பிரிங்குக்கு இடமிருக்காது.

காப்பீடு கேட்கலாமா?

கேட்பதற்கு முன் கணக்குப் போடுங்கள். வழக்கமான முழுக் காப்பீட்டில் டயர் மட்டும் சேதமானால் பணம் கிடையாது. வண்டியின் வேறு பாகமும் சேர்ந்து சேதமானால் டயர் விலையில் பாதி கிடைக்கும். ரிம் உலோகப் பாகம். வண்டியின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பார்கள். அதற்கு மேல் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு 1000 ரூபாய், அதற்கு மேற்பட்டதற்கு 2000 ரூபாய் நீங்களே ஏற்க வேண்டும். தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்போ, டயர் பாதுகாப்போ எடுத்திருந்தால் நிலைமை மேல்.

உரிமை கோரினால், கோராத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான போனஸ் போய்விடும் என்பதுதான் பெரிய செலவு. வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய், உங்களுக்கு 50 விழுக்காடு போனஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை கோரினால் அடுத்த ஆண்டு போனஸ் பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50க்கு வர வேண்டும். பிரீமியம் மாறாவிட்டால் இந்த ஐந்தாண்டுகளில் 5000, 3000, 2500, 1500, 500 என்று மொத்தம் 12,500 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். ஒரு ரிம்முக்கும் ஒரு டயருக்கும் ஆகும் செலவு இதற்குக் கீழே என்றால் கையிலிருந்து செலவழிப்பதே மேல். சஸ்பென்ஷனும் ஆயில் சேம்பரும் சேர்ந்து போயிருந்தால் கோருங்கள். ஆனால் எதையும் பிரிக்கும் முன் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்காத சேதத்துக்குப் பணம் வாங்குவது கடினம்.

பள்ளத்தைப் பற்றியும் சொல்லுங்கள்

அடுத்து அந்தப் பள்ளத்தில் இறங்கப்போவது இருசக்கர வண்டியாக இருக்கலாம். நமக்கு ரிம்மோடு போனது அவருக்கு உயிரோடு போகும். ஆகவே சாலை யாருடையது என்று பார்த்து ஒரு புகார் கொடுத்துவிடுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. சென்னை மாநகராட்சிச் சாலை என்றால் 1913. மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலைக்கு ‘நம்ம சாலை’ செயலி இருக்கிறது. முதலில் எடுத்த படத்தை அதில் ஏற்றலாம். பள்ளத்துக்கு அருகிலுள்ள கடையின் பெயரையோ மின்கம்ப எண்ணையோ சேர்த்து எழுதினால் பணியாளர்கள் தேடி அலைய வேண்டியிருக்காது. புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்தும் பள்ளம் அப்படியே இருந்தால் அந்த எண்ணைச் சொல்லி மறுபடி அழையுங்கள்.